ரிப்பன் கட்டாத சில்லு

கேட்ட கேள்விக்கும் வருகிற பதிலுக்கும் நடுவில் ஒரு மனிதனின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற வசதி வந்துவிட்டால், ஊரில் ஒரு குடும்பமும் மிஞ்சாது. பூங்கோதை படித்தவள், விவரமானவள். இது அவளுக்குத் தெரியாததில்லை. அந்த வசதியைச் செய்ததே அவள்தான்.

"மத்தியானம் எங்க மாமா சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் திருமூர்த்தி வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. விரலில் இருந்த விள்ளலும் பாதி வழியில் நின்றது. கண் மட்டும் சுவர்ப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"சோ... சோமனூர்ல. ஒரு மெஸ்ஸுல."

"நல்லா இருந்துச்சுங்களா?"

"பரவால்ல." இது மட்டும் உடனே வந்தது.

மேசையின் ஓரத்தில் அவளுடைய லேப்டாப் பாதி மூடிய நிலையில் கிடந்தது. ஏதோ ஆபீஸ் வேலை என்று அவன் நினைத்திருப்பான். அவன் கை கழுவப் போனதும் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். சோமனூர் என்ற ஒரு சொல்லுக்காக அவன் தலைக்குள் ஞாபகம் திரும்பத் திரும்பத் தட்டி எழுப்பப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பேச்சு பின்னால் தள்ளப்பட்டு, காத்துக் கிடந்து, மறுபடி முன்னால் வந்திருந்தது. சாப்பிட்ட ஊரின் பெயரைச் சொல்ல ஒரு மனிதனுக்கு எதற்கு இத்தனை ஏற்பாடு? நிஜமாகவே அங்கே சாப்பிட்டவன் சட்டென்று சொல்லிவிட்டு அடுத்த தோசையைக் கேட்க மாட்டானா?

பொய் என்று முடிவு கட்டினாள். என்ன பொய், யாருக்காகப் பொய் என்பதுதான் பாக்கி.

திருமூர்த்தி பழைய மெஷின் தரகன். கணபதிப் பட்டறைகள் பக்கம் யாருக்காவது லேத் விற்க வேண்டுமென்றாலும், பல்லடம் சோமனூர் பக்கம் யாருக்காவது தறி வாங்க வேண்டுமென்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வாய்தான் அவனுக்கு முதல். துருப்பிடித்துக் கிடக்கிற தறியைக் காட்டி, "இது இப்பத்தானுங்க வயசுக்கே வந்திருக்குது" என்று சொல்லிச் சிரிக்க வைத்து விற்றுவிடுவான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கம் கோணி விழுந்தான். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. அடுத்த சில மாதங்கள், தண்ணீர் வேண்டுமென்றாலும் 'ஆ', தலைவலி என்றாலும் 'ஆ'. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு பூங்கோதை அழுத காலம் அது.

பிறகுதான் சில்லு வந்தது. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். மூளையில் செத்துப்போன இடம் செய்த வேலையை அது எடுத்துச் செய்யும். காளப்பட்டி சாலையில் அதைத் தயாரிக்கிற கம்பெனியில்தான் பூங்கோதைக்கு வேலை. மூளை விஷயம் தெரியாது, சில்லுக்குள் ஓடுகிற மென்பொருள் தெரியும். ஊழியர் குடும்பம் என்பதால் திருமூர்த்திக்குச் சீக்கிரமே முறை வந்தது. தைத்த மறு வாரம் அவன் முதலில் சொன்ன முழு வாக்கியம், "ஏம்புள்ள இப்பிடி எளச்சுப் போயிட்டே?"

சில்லைப் பற்றி அவனே ஒரு நாள் கேட்டான். "இதுக்குள்ள என்னதான் இருக்குது?"

"ஒரு குட்டி கம்ப்யூட்டருங்க மாமா. பேசறது, கையை ஆட்டறது, எச்சி முழுங்கறது, பேரை ஞாபகத்துல இருந்து எடுக்கறது, அத்தனையும் அது ஒண்ணுதான் பாக்கோணும். ஆனா ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான் ஓடும். எது முன்னால, எது பின்னாலன்னு உள்ள ஒருத்தன் உக்காந்து முடிவு பண்ணுவான். ஷெட்யூலர்னு பேரு."

"புரோக்கருன்னு சொல்லு."

"என்னதுங்?"

"இருக்கறது ஒரு லேத்து. கேக்கறவன் நூறு பேரு, எல்லாத்துக்கும் அவசரம். நீ இப்ப, நீ அப்புறமேட்டுன்னு பேசி உடறவன் புரோக்கருதான? என்ற தலைக்குள்ளயும் ஒரு புரோக்கரு! அடங்கொப்பறானே."

அவள் இதை ஆபீஸில் போய்ச் சொல்ல, அன்றிலிருந்து ஆபீஸிலும் ஷெட்யூலருக்குப் புரோக்கர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

இந்த வருஷம் சில நோயாளிகளிடமிருந்து புகார் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் நின்றுவிடுகிறதாம். திருமூர்த்திக்கும் அவ்வப்போது அப்படி ஆகிக்கொண்டிருந்தது. எந்த வேலை எந்த வேலையை மறிக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. புரோக்கருக்குள்ளேயே தடப்புள்ளிகளைப் பதித்து, அவன் ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றை எழுப்பும் போதெல்லாம் ஒரு வரி எழுத வைக்க வேண்டும். அந்த வேலை பூங்கோதையிடம் வந்தது. நன்றாகவே செய்தாள். தடத்தைப் படிக்கிற லேப்டாப் அருகில் இருந்தால் மட்டும் புள்ளிகள் விழித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தூங்கும். பேட்டரி வீணாகக் கூடாது என்று அவளே யோசித்த ஏற்பாடு அது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தடம் போட்ட சில்லு எதுவானாலும் அதன்மேல் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிட வேண்டும், தடத்தை எடுத்த பிறகுதான் ரிப்பனை அவிழ்க்க வேண்டும். ஏன் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஒரு தடவை ஏமாந்த பிறகு கேட்க மாட்டார்கள்.

தடம் முதல் முறையாக ஓடிய அன்று அவளோடு இருந்தவன் இம்மானுவேல். பாளையங்கோட்டைக்காரன், அவளுக்கு அடுத்த மேசை. வாய்த் துடுக்கு அதிகம், வேலையில் சுத்தம்.

"எக்கா, இத ஒரு கல்யாணமான ஆம்பள தலையில மாட்டுனா சோலி முடிஞ்சுது பாத்துக்கிடுங்க. நெசம் சொல்லுதவன் ஞாபகத்த ஒரு தட்டுதான் தட்டுவான். கத கட்டுதவன் பத்துத் தட்டுத் தட்டுவான். அப்படியே திரையில தெரிஞ்சிரும்."

"போடா" என்று அவளும் சிரித்தாள்.

ஆய்வகத்து பெஞ்சில் கிடக்கிற சில்லு வாழ்க்கை நடத்துவதில்லை. நிஜ மனிதர்களிடம் பார்த்தால்தான் பழுது பிடிபடும். ஒப்புக்கொண்ட சில நோயாளிகளின் சில்லுகளில் கம்பெனி தடம் போட்டது. பூங்கோதை ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருமூர்த்தி காதில் சில்லுக்கான சார்ஜர் வளையத்தை மாட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, "அப்டேட் ஒண்ணு போடட்டுங்களா மாமா?" என்றாள். "போடு" என்றான். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் கையெழுத்து வாங்கியிருப்பாள். சொந்தப் புருஷனிடம் என்ன கையெழுத்து என்று விட்டுவிட்டாள். ரிப்பனும் கட்டவில்லை. ஆம்பிளை தலையில் ரிப்பன் கட்டி அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்?

பழுது சில நாட்களிலேயே அகப்பட்டது. எச்சில் விழுங்குகிற வேலை எழும்பும்போது பேச்சு வழிவிட்டுவிட்டு, திரும்ப வர மறந்துபோகிறது. திருத்தம் எழுதி எல்லாருக்கும் அனுப்பினார்கள். ஆய்வகத்தில் ரிப்பன்கள் அவிழ்ந்தன. கேசரி கொடுத்தார்கள்.

அவிழாமல் இருந்தது ஒன்றே ஒன்று. அடுத்த ஞாயிறு எடுத்துவிடலாம் என்றுதான் பூங்கோதை நினைத்தாள். அந்த வாரத்தில்தான் கவனித்தாள். திருத்தம் போட்ட பிறகும் அவன் வாய் நிற்கிறது. 'சாப்பாடு போடட்டுங்களா' என்றால் நிற்பதில்லை. 'நேத்து யாரு கூப்பிட்டாங்க', 'காலையில எங்க போனீங்க' என்று கேட்டால் நிற்கிறது. இன்னொன்றையும் கவனித்தாள். கீழே வாசலில் வாட்ச்மேனிடம் அவன் பேசுவது பால்கனிக்குக் கேட்கும். கொட்டித் தீர்ப்பான், ஒரு இடத்தில்கூடத் தடங்கல் இருக்காது. மாடி ஏறி வீட்டுக்குள் வந்து அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பழுது சரியாகிவிட்டது. அப்படியானால் இது பழுதில்லை. வேறு என்ன?

இம்மானுவேல் விளையாட்டாகச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. சந்தேகத்துக்கு இடம் கொடுத்துவிட்டால் அது காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். தடத்தை எடுக்கவில்லை. அந்த ஞாயிறு இன்னும் சில புள்ளிகளைக் கூட்டினாள், ஞாபகத்தை எழுப்புகிற இடத்தில் மட்டும். அடுத்த ஞாயிறு இன்னும் சில. "அப்டேட் போடட்டுங்களா மாமா?" "போடு." ஒவ்வொரு வாரமும் படம் தெளிவாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வாரமும் அவனுடைய தயக்கமும் நீண்டுகொண்டே போனது. நாளுக்கு நாள் பெரிதாகிற பொய் என்று அவள் புரிந்துகொண்டாள். வேறெப்படிப் புரிந்துகொள்வாள்?

வீட்டில் பேச்சு குறைந்தது. அவள் கேள்வி கேட்பதற்காகவே வாயைத் திறந்தாள், அவள் வாய் திறந்தாலே அவன் முகம் சுண்டிப்போனது. சாப்பிட்டதும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான்.

சோமனூர் என்று சொன்ன அந்தத் தோசை நாளுக்கு இரண்டு நாள் கழித்து, அவன் குளித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. எடுத்தாள்.

"திருமூர்த்தியண்ணன் இருக்காருங்களா? நான் சோமனூர்ல இருந்து பேசறேனுங்க. ரெண்டு வாரமா இந்தப் பக்கமே ஆளக் காணோம். ஒடம்பு கிடம்பு செரியில்லைங்களா?"

"நல்லா இருக்காருங்க" என்று சொல்லி வைத்தாள். கருவி பொய் சொல்லவில்லை, புருஷன்தான் சொல்லியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை அவன், "ப... பல்லடம் வரைக்கும் போ... போயிட்டு வந்தர்றேன்" என்று கிளம்பினான். அவள் ஆபீஸுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு அவன் ஏறிய பஸ்ஸின் பின்னால் போனாள். பஸ் பல்லடம் போகிற பஸ்ஸே இல்லை. ரேஸ்கோர்ஸில் இறங்கினான். நடைபாதை ஓரத்து பெஞ்சில் ஒருத்தி காத்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். கைத்தறிச் சேலை, மூக்குக் கண்ணாடி, மடியில் ஒரு டிபன் டப்பா.

ஸ்கூட்டரைத் தூரத்தில் விட்டுவிட்டு பூங்கோதை இளநீர் வண்டி மறைவில் போய் நின்றாள். வெட்கமாக இருந்தது. நகர மட்டும் மனசு வரவில்லை. திருமூர்த்தி பேசிக்கொண்டிருந்தான். எப்படிப் பேசினான்! பழைய திருமூர்த்தி, கையை வீசி, குரலை ஏற்றி இறக்கி. பெஞ்சில் இருந்தவள் சிரித்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. அது இளநீர் வண்டி வரை நன்றாகவே கேட்டது.

"என்ற பொண்டாட்டிகிட்டத்தானுங்க எனக்கு வாயே வரமாட்டீங்குது. உங்ககிட்ட இப்பிடிப் பேசறேன், ஊரெல்லாம் பேசறேன், வீட்டுக்குள்ள போனாப் பேச முடியறதில்லைங்க."

ஒரு எழுத்து திக்கவில்லை. கட்டிய மனைவியைப் பற்றி அடுத்தவளிடம் குறை சொல்லும்போது அவனுக்கு நாக்கு எவ்வளவு அழகாகப் புரள்கிறது! பூங்கோதை குடிக்காத இளநீருக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தாள்.

அங்கேயே போய்க் கேட்டிருக்கலாம். ஆயிரம் பெண்கள் கேட்டிருப்பார்கள், ஒரு சத்தம் போட்டிருப்பார்கள், விஷயமும் அங்கேயே தீர்ந்திருக்கும். இவளுக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டால் பொய் சொல்வான், அந்தப் பொய்யை முழுசாகப் பார்க்கத் தன் கருவி போதாது என்று தோன்றியது. ஞாபகம் தட்டப்படுகிறது என்பது தெரிகிறது. யாருடைய பெயர் தட்டப்படுகிறது என்பது தெரிய வேண்டும்.

திங்கட்கிழமை தடப் படங்களை இம்மானுவேலிடம் காட்டினாள். "ஒரு பேஷண்ட். ஞாபகத்துல இருந்து எந்தப் பேரு வருதுன்னு பிரிச்சுப் பாக்க வழி இருக்குதா?"

"பேரா? எதுக்குக்கா?" என்றவன் படத்தைக் குனிந்து பார்த்தான். மேலே நகர்த்தினான், கீழே நகர்த்தினான். "இந்தச் சில்லுல ரிப்பன் இருக்கா?"

"என்ன?"

"ரிப்பன் கட்டியிருக்காங்களான்னு கேக்கேன்."

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எக்கா, ஞாபகம் எடுக்குத வேலையில மட்டும் எத்தன எடத்துல புள்ளி வச்சிருக்கீங்க? அந்த மனுசன் ஒரு ஊர் பேரச் சொல்லணும்னா, வழியில அத்தன கணக்குப்பிள்ளைக்கும் நின்னு பதில் சொல்லிட்டுல்லா வரணும்? எவன் வேகமாப் பேசுவான்? சாப்பாடு வேணுமான்னு கேட்டா ஞாபகம் எடுக்க வேண்டாம், உடனே சொல்லிருவாரு. நேத்து எங்க போனேன்னு கேட்டா தொண்ட அடைக்கும்."

"அவரு மத்தவங்ககிட்ட நல்லாத்தான் பேசறாரு."

"அங்க லேப்டாப் இருக்காதே."

பூங்கோதை உட்கார்ந்தாள். அவளே யோசித்த ஏற்பாடு. பக்கத்தில் லேப்டாப் இருந்தால் விழிக்கும், இல்லாவிட்டால் தூங்கும். தூரத்தில் விட்ட ஸ்கூட்டரின் பெட்டிக்குள் அதைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் அவள் ரேஸ்கோர்ஸில் அவன் பேச்சைக் கேட்டாள். தடம் போட்ட சில்லு மெதுவாகும், அதன் தயக்கத்தை நம்பாதே என்பதற்குத்தான் அந்த ரிப்பனே; பயிற்சிக்கு வருகிற பையன்களுக்கு முதல் நாள் அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

அவள் நம்பாத மாதிரி பார்த்ததால் இம்மானுவேல் பெஞ்சில் கிடந்த சோதனைச் சில்லை எடுத்தான். அதன் ஞாபகத்தில் ரயில் நிலையப் பெயர்கள்தான் இருந்தன. கேட்டால் ஸ்பீக்கரில் வரிசையாகச் சொல்லும். அதில் அவளுடைய புள்ளிகளை அப்படியே பதித்தான்.

"தி... திருப்பூர். ஈ... ஈரோடு. ச... சங்ககிரி."

அதே நிறுத்தம், அதே முதல் எழுத்துத் தடுமாற்றம். பூங்கோதையின் கண்ணுக்கு அந்தச் சில்லும் எதையோ மறைக்கிற மாதிரிதான் இருந்தது. புள்ளிகளை எடுத்ததும் சேலம் வரை மடமடவென்று சொல்லிவிட்டுப் போனது.

"இது யாரு சில்லுன்னு நான் கேக்க மாட்டேன்" என்றான் இம்மானுவேல். வழக்கமான துடுக்கு அவன் குரலில் இல்லை. "ஆனா அந்தாளு பாவம்க்கா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு அவமானமாக இருந்தது. கூடவே சந்தேகமும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் வந்தது. திக்கியது சரி, அது தன் பாவம். சோமனூர் போகாமலே போனதாகச் சொன்னது யார் பாவம்? அந்தக் கண்ணாடிக்காரி யார்? தடப்புள்ளியா அவளை பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்தது?

திருமூர்த்தி சோபாவில் இருந்தான். சார்ஜர் வளையத்தை அவளே எடுத்து அவன் காதில் மாட்டினாள்.

"அ... அப்டேட்டா?"

"ஆமாங்க."

எல்லாப் புள்ளிகளையும் எடுத்தாள். ஒன்றுகூட மிச்சமில்லை என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். பிறகு கேட்டாள். "வெள்ளிக்கிழமை எங்க மாமா போயிருந்தீங்க?"

"ரேஸ்கோர்ஸ்."

அவன்தான் முதலில் திடுக்கிட்டான். கை தானாக வாய்க்குப் போனது.

"ரேஸ்கோர்ஸ்" என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தான். "வெள்ளிக்கிழமை ரேஸ்கோர்ஸ், செவ்வாய்க்கிழமை ரேஸ்கோர்ஸ். சோமனூர்னு சொன்னனே, அன்னைக்கும் அங்கதான், டாக்டரம்மா குடுத்த தயிர் சோறுதான் தின்னேன். கோதை! வருது பாரு! உங்கிட்ட வருது பாரு!"

"எந்த டாக்டரம்மா?"

"வசுமதியம்மான்னு, பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்க. ரூமுக்குள்ள வேண்டாம், நாலு பேரு நடக்கற எடத்துல பேசிப் பழகோணும்னு அங்க வரச் சொன்னாங்க. உங்கிட்டச் சொல்லாமத்தான் போயிட்டிருந்தேன். எப்பிடிச் சொல்றது? ஊரெல்லாம் நல்லாப் பேசறேன், உங்கிட்ட மட்டுந்தான் திக்குது. அவங்க கேட்டாங்க, வீட்டுக்காரம்மா மேல பயமா, கோவமா, வேற ஏதாச்சும் வெறுப்பான்னு. இல்லவே இல்லீங்கன்னேன். ஆனா கோதை..." இங்கே அவன் நிறுத்தினான். அது சில்லு நிறுத்தியதல்ல, அவனே நிறுத்தியது. "நெம்ப பயந்துட்டேன். வாய்க்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலயோன்னு. உன்ற மேல இருந்த பிரியமெல்லாம் அந்த அடைப்புல செத்துப் போன எடத்தோடயே போயிருச்சோன்னு. நீ கேள்வி கேக்கும்போதெல்லாம் உள்ள தேடுவேன், இருக்குதா, இருக்குதான்னு. வாய் வராது. அதப் பாத்துட்டு நீ மூஞ்சியத் திருப்பிக்குவே. செத்தர்லாம்னுகூட ஒரு நாள் தோணுச்சு."

பொய் என்று அவள் கண்டுபிடித்தது சரிதான். அந்தப் பொய்யை அவன் வாயில் வைத்ததே அவள்தான்.

அவன் எழுந்துவிட்டான், வளையம் காதில் தொங்கத் தொங்க. "எங்கயும் போகல கோதை, இங்கதான் இருந்திருக்குது பாரு" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டான். கல்யாணமான புதிதில் தங்கியிருந்த வாடகை வீட்டுத் தெருப் பெயரைச் சொன்னான், வீட்டுக்காரர் பெயரைச் சொன்னான், அவள் அப்பாவிடம் பெண் கேட்டுப்போன நாளில் கட்டியிருந்த வேட்டிக் கரையைச் சொன்னான். ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் எடுத்து எடுத்துச் சொல்லிப் பார்த்தான், எதுவும் தடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது. பேச்சு போய்த் திரும்பி வந்த நாளில்கூட அவன் இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

"ஆமா, திடீர்னு எப்பிடி? நீ ஏதாச்சும் பண்ணுனியா?"

பார்வையில் நன்றி மட்டும்தான் இருந்தது. "ஆமாங்க, நாந்தான் சரி பண்ணுனேன்" என்று சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. அவன் தூக்கி வைத்துக் கொண்டாடுவான், டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு என் பொண்டாட்டியைப் போல உண்டா என்பான். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு குடும்பத்தைப் பார் என்று சொல்கிறவர்கள் நிறைய. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"ஆமாங்க" என்றாள். பிறகு, "நாந்தான் கெடுத்தேன்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். தடப்புள்ளி என்றால் என்ன, ஞாயிற்றுக்கிழமை அப்டேட்டெல்லாம் என்ன, லேப்டாப் ஏன் சாப்பாட்டு மேசையில் கிடந்தது, சோமனூர்க்காரர் போன், இளநீர் வண்டி, எதையும் விடவில்லை. அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னாள், பாதியில் அழுகை வந்தது, அழுதுகொண்டே மீதியைச் சொன்னாள். "உங்களுக்கு மனசுல ஒண்ணுமில்லீங்க மாமா. ஒரு நாளும் இருக்கல. எல்லாம் நான் வெச்சது. மன்னிச்சிருங்க."

திருமூர்த்தி காதிலிருந்து வளையத்தைக் கழற்றினான். அதன் வயரை மெதுவாகச் சுற்றினான். மேசைமேல் வைத்தான்.

"பெஞ்சுல நான் பேசுனதயும் கேட்டியா?"

"கொஞ்சம் கேட்டேனுங்க."

அவன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே வாட்ச்மேன் யாரிடமோ சத்தம் போட்டு ஓய்ந்தார். அடுத்த வீட்டில் குக்கர் கூவி அடங்கியது. அவன் தலைக்குள் இப்போது எது எழுகிறது, எது எதற்கு வழிவிடுகிறது என்று பார்க்க பூங்கோதையிடம் எதுவும் இல்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இத்தனை வாரத்தில் இவ்வளவு நேரம் அவன் பதிலுக்கு அவள் காத்திருந்ததே இல்லை.

கடைசியில் திரும்பினான். கோபம் தெரியவில்லை. குரல் சீராக, தடங்கல் இல்லாமல், ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்தது.

"இனிமே உங்கிட்ட ஒண்ணு சொல்றதுக்கு முன்னால நான் யோசிக்கோணும், கோதை."